ஓணாங்குண்டுக் கிழங்கு

திம்மராயனுக்கு வாய்க்கு எதுவும் பிடிக்காமல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. களி உருண்டையைத் தட்டில் வைத்தால் விரலால் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பான். உப்புசாற்றை இரண்டு முறை தொட்டு நக்குவான். பிறகு தட்டைச் சுவரோரமாகத் தள்ளிவிடுவான். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். மூச்சு விடுவதே பெரும்பாடாக இருக்கிற மனுசன் எங்கே விழுங்குவான்? சரியென்று சோறு குழைய வடித்துக் கொடுத்தால் அதற்கும் அதே கதி.

ஒரு நாள் காலையில் அவன் மனைவி பூவம்மாள் தொரப்பள்ளி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏம்மே பூவு, கொம்புக்கிழங்கு ஒண்ணு கெடைக்குமா?"

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னா கேட்ட?"

"கொம்புக்கிழங்கு. ஒண்ணே ஒண்ணு. வாயெல்லாம் மண்ணு மாதிரி கெடக்குது. அது ஒரு கடி கடிச்சா சரியாப் போயிரும்னு தோணுது."

"எங்க போயித் தோண்டிக்கினு வர்றது மாமா? மலை எங்க கெடக்குது?"

மலை எங்கே போயிற்று என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

எங்கள் பக்கத்தில் மொட்டைப் பாறைமலையைக் குண்டு என்போம். சூளகிரிக்குத் தெற்கே ஓணாங்குண்டு என்று ஒன்று இருந்தது. அதன் அடியில் முப்பது வீடு கொண்ட குண்டுக்கொட்டாய். திம்மராயனும் பூவம்மாளும் அங்கே பிறந்தவர்கள். அக்கா மகளைத்தான் அவன் கட்டினான். குண்டின் உச்சியில் பாறை வெடித்த இடங்களில் ஒரு சாண் மண் இருக்கும். அந்த மண்ணில்தான் கொம்புக்கிழங்கு முளைக்கும். கோடை மழை விழுந்ததும் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு கொடி வரும், கறுஞ்சிவப்பில் ஒரு பூ பூக்கும். பூவின் நாற்றத்துக்கு ஈக்கள் மொய்க்கும். காய் ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டிரண்டாக நிற்கும். தையில் கொடி காய்ந்து மறைந்துவிடும், மண்ணுக்குள் கிழங்கு மட்டும் வடையளவில் தட்டையாகக் கிடக்கும். ஆடு மேய்க்கிறவர்களுக்கு அதுதான் மத்தியானச் சாப்பாடு. தோலை நகத்தால் சுரண்டிவிட்டுப் பச்சையாகத் தின்பார்கள். அதைத் தோண்டவும் ஒரு முறை உண்டு. முளை இருக்கிற தலைப்பக்கத்தைக் கல்லுச்சில்லால் அறுத்து, அதே குழியில் திரும்ப வைத்து, குதிகாலால் மூன்று மிதி மிதித்துவிட்டுத்தான் அடிப்பக்கத்தைத் தின்ன வேண்டும். தலையைத் தின்றவனின் ஆடு குட்டி போடாது என்பார்கள். யாரும் தின்று பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் அந்தக் குண்டு குத்தகைக்குப் போயிற்று. வெளிநாட்டில் யாருக்கோ சமையல் மேடைக்கு அந்த நிறத்துக் கல்தான் வேண்டுமாம். கொட்டாயில் பாதிப் பேருக்கு அங்கேயே வேலை கிடைத்தது. திம்மராயன் கம்ப்ரசர் மிஷினைப் பிடித்து உச்சியிலிருந்து துளை போட்டுக்கொண்டே இறங்கினான். தான் ஆடு மேய்த்த மலையைத் தானே குடைந்தான். கூலிக்குத்தான் குடைந்தான், அதற்காக அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்ட வேண்டியவர்கள் ஓணாங்குண்டை ஒரு நாளாவது கண்ணால் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

அடுத்த வருடம் வினிதா வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், செடிகளைப் பற்றிப் படித்தவள். அழியப் போகிற செடிகளைத் தேடிப் பிடித்துத் தொட்டியில் வளர்த்துக் காப்பாற்றுவதற்கு, பெங்களூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து தொரப்பள்ளிப் பக்கம் ஒரு தோட்டம் போட்டிருந்தார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் செடி ஆஸ்பத்திரி. அவள் கையில் நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ வரைந்த ஒரு படம் இருந்தது. அதைக் குவாரியில் ஒவ்வொருவரிடமாகக் காட்டிக்கொண்டு வந்தவள் திம்மராயனிடம் வந்தபோது அவன் சிரித்துவிட்டான். "இது எங்க கிழங்காச்சேம்மா" என்றான். கிழங்கு மிஞ்சியிருந்த பாறைக்கு மறுநாள் வெடி வைக்க வேண்டும். அன்றைக்கு மிஷினை நிறுத்திவிட்டு, மேஸ்திரியின் வசவையும் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் நாற்பது கிழங்கு தோண்டிக் கோணிப்பையில் போட்டுக் கொடுத்தான். அந்தப் பழக்கத்தில்தான் பூவம்மாளுக்குத் தோட்டத்தில் வேலை கிடைத்தது.

இப்போது ஓணாங்குண்டு இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம் இருக்கிறது. கொட்டாய்க்காரர்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். இவர்கள் மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டுக்கு வந்தார்கள். மகள் சுகுணாவுக்கு ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. திம்மராயனின் நெஞ்சுக்குள் கல்தூசி இறங்கியிருந்தது. முதலில் டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு டிபி இல்லை என்றார்கள். இது போகாது, ஜாக்கிரதையாக இருங்கள் என்றார்கள்.

அவன் ஆசைக்கு ஈடாக அம்மாவும் மகளும் என்னென்னவோ கொண்டுவந்து பார்த்தார்கள். சர்க்கரைவள்ளி வேகவைத்துக் கொடுத்தார்கள். மரவள்ளி கொடுத்தார்கள். சுகுணா சம்பள நாளில் நூக்கலை வாங்கி வந்து தோல் சீவி, உப்புத் தொட்டுக் கொடுத்தாள்.

"பேடா" என்றான் அவன். ஓசூர்ப் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் எல்லோர் வாயிலும் புழங்கும். அதில் கன்னடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

"ஒரு துண்டு தின்னு பாருப்பா. இதுவும் கடுக்குமுடுக்குன்னுதான் இருக்குது."

"இது தண்ணி சுகுணா. வெறுந் தண்ணி. நீ அதைத் தின்னதில்ல, அதான் இப்பிடி பேசற. ஏம்மே, உனக்குத் தெரியுமில்ல? நீ சொல்லு."

"எனக்கு எங்க ஞாபகம்" என்று பூவம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பொய்தான். அந்தப் பேச்சை எடுத்த நாளிலிருந்து அவளுக்கும் நாக்கடியில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. பாவாடை கட்டிய வயதில் ஒரு நாளைக்கு நான்கு கிழங்கு தின்றவள் அவள். நோயாளிக்கு முன்னால் தன் ஆசையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

தோட்டத்தில் கொம்புக்கிழங்கு இருந்தது. நாற்பதில் பதினொன்று மிஞ்சியிருந்தது. சிலதை எலி தின்றது, சிலதில் மாவுப்பூச்சி விழுந்தது, நிறைய அழுகின. ஒவ்வொரு வைகாசியிலும் பூக்கும், ஆனால் ஒரு காய்கூடப் பிடித்ததில்லை. வினிதா சிறு தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவிப் பார்த்தாள். பூவம்மாள் கருவாட்டுத் தலையைக் கொண்டுவந்து வைத்து ஈயை வரவழைத்துப் பார்த்தாள். ஈ வந்தது, காய் வரவில்லை. பதினொரு தொட்டியும் கம்பிவலைக் கூண்டுக்குள் இருந்தன. கூண்டின் சாவி பூவம்மாளின் இடுப்பில் இருந்தது.

பங்குனி பிறந்ததும் ஒரு நாள் அவள் வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். வினிதா நிழல்வலைக்குக் கீழே உட்கார்ந்து பெயர்த்தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இந்தக் கிழங்குல ஏதாச்சும் ஒண்ணு கெட்டுப் போற மாதிரி இருந்தா... தூக்கிப் போடத்தான போறோம்?"

"ஏன்க்கா, ஏதும் அழுகுதா? எந்தத் தொட்டி?" வினிதா பதறிப்போய் எழுந்தாள்.

"இல்லைங்க, இல்லைங்க. எல்லாம் நல்லாத்தான் கீது. சும்மா கேட்டன்."

"பயமுறுத்தாதீங்கக்கா. எனக்கு ராத்திரி சொப்பனத்துலயே இது அழுகுது."

பூவம்மாள் கொஞ்ச நேரம் களை பிடுங்கினாள். பிறகு மறுபடியும் தொடங்கினாள்.

"எங்க ஊட்டுக்காரரு கேக்கறாருங்க."

"என்ன கேக்காவ?"

"கெழங்கு. திங்கறதுக்கு. ஒண்ணுதான். வேற எதுவும் எறங்க மாட்டேங்குது."

வினிதா தகட்டைக் கீழே வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பூவம்மாளுக்கு ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

"அக்கா, அண்ணன் கையால தோண்டித் தந்ததுதான் இது. அவருக்கு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? ஆனா ஒலகத்துலயே இந்தப் பதினொண்ணுதானே இருக்கு? ஒண்ணைத் தின்னுட்டா பத்து. நாளைக்கு ஒரு எலி வந்தா அஞ்சு. நான் என்ன செய்ய, சொல்லுங்க."

"சரிங்க மேடம். நான் சும்மாதான் கேட்டன்."

"கோவமாக்கா?"

"ஐய, எதுக்குங்க கோவம்?"

கோபம் இல்லை என்பது உண்மைதான். வினிதா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அன்றிரவு திம்மராயன் இரண்டு வாய் பாலைக் குடித்துவிட்டுப் படுத்தான். அவன் விலா எலும்புகள் ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்து நாள் கழித்து வினிதா மீட்டிங் என்று பெங்களூருக்குப் போனாள். மத்தியானம் மற்ற ஆட்கள் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் சாய்ந்திருந்த நேரத்தில் பூவம்மாள் கூண்டைத் திறந்தாள். திருடுகிறோம் என்ற நினைப்பு அவளுக்கு இருந்தது. ஆனால் ஒன்றைக் கொன்றுவிடுகிறோம் என்று அவள் நினைக்கவே இல்லை. ஓணாங்குண்டில் ஆயிரம் தடவை செய்த வேலைதானே! தலையை விட்டுவிட்டு அடியை எடுத்தால் கிழங்கு சாகாது, அடுத்த மழைக்கு மறுபடியும் பருத்துவிடும். மேடத்துக்கு இது தெரியாது. கிழங்கில் கத்தி பட்டால் போயிற்று என்று புத்தகத்தில் படித்து வைத்திருக்கிறாள். மழை வந்து பதினொன்றும் முளைத்த பிறகு விஷயத்தைச் சொன்னால் மேடமே சந்தோஷப்படுவாள் என்றுகூட பூவம்மாளுக்குத் தோன்றியது.

கூண்டுக்கு வெளியே கிடந்த ஜல்லியில் கூரான சில்லாக ஒன்றைப் பொறுக்கினாள். இருப்பதிலேயே பெரிய கிழங்கு எலுமிச்சம்பழத்தைத் தட்டையாக அமுக்கிய அளவில்தான் இருந்தது. தலையை அறுத்து, அறுத்த இடத்தில் சாம்பல் தடவி, திரும்ப வைத்து மூடினாள். தொட்டிக்குள் குதிகாலால் மிதிக்க முடியாது. உள்ளங்கையால் மூன்று முறை அமுக்கினாள். அடிப்பக்கத்தைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் டப்பாவை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூக்கண்டப்பள்ளி வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.

சுகுணா இரண்டாவது ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். வெயில் இன்னும் வாசலில் கிடந்தது. பூவம்மாள் கிழங்கைக் கழுவி, நகத்தால் தோலைச் சுரண்டி, கட்டைவிரல் நுனி அளவில் மூன்று துண்டு போட்டாள். இரண்டு அவனுக்கு, ஒன்று தனக்கு. இத்தனை செய்துவிட்டு ஒரு துண்டாவது தின்னாவிட்டால் எப்படி?

திம்மராயன் அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தான்.

"ஏது?"

"ஏதோ ஒண்ணு. தின்னு."

"மேடம் குடுத்தாங்களா?"

"ஆமா, குடுத்தாங்க. தின்னு மாமா."

அவன் ஒரு துண்டை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தான். வாயில் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றான். தாடையில் தோல் மட்டும் அசைந்தது. பூவம்மாள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடிக்கீது?"

"அதேதான்."

"நெசமா?"

"அதே கெழங்கு, அதே ருசி. ஓணாங்குண்டு மேல போயி உக்காந்த மாதிரி கீது, போ." இரண்டாவது துண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. தன் துண்டைக் கையில் எடுத்தாள். வாய்க்கு அருகில் கொண்டுபோனபோது அவன் கையை நீட்டினான்.

"அதையும் குடு."

"இது... நான் ஒரு துண்டு—"

"குடும்மே. எனக்கு இன்னும் திங்கணும் போலக்கீது."

ஒரு நொடி அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு வருடத்து ஆசை அவளுக்கும் இருந்தது. அப்புறம், வாயே திறக்காத மனுசன் இன்னும் வேண்டும் என்று கேட்கிறானே என்ற சந்தோஷம் அந்தக் கோபத்தை அமுக்கிவிட்டது. கொடுத்துவிட்டாள். அவன் அதையும் மென்று தின்றான். அன்றைக்கு அரைக்கிண்ணம் சோறும் தின்றான். டப்பாவில் ஒட்டியிருந்த தோலை எடுத்து நக்கிப் பார்க்கலாமா என்றுகூட அவளுக்கு நினைப்பு வந்தது. சீ என்று கழுவிக் கொட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் கிழங்கு கேட்கவே இல்லை. பூவம்மாள் அதை ஆசை தீர்ந்ததன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டாள். வேலையில் குனிந்து நிமிரும்போதெல்லாம், அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று மனசு ஒரு தடவை சொல்லிக்கொள்ளும். இரண்டு மாதம் அவள் அந்தச் சந்தோஷத்திலேயே நடமாடினாள்.

சித்திரைக் கடைசியில் மாங்காய் மழை அடித்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்காரர்கள் உதிர்ந்ததைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டிருக்க, செடி ஆஸ்பத்திரியில் வினிதா குழந்தை மாதிரி குதித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் நான்கு தொட்டியில் முளை வந்தது. அடுத்த வாரம் எட்டு. வைகாசி பாதியில் பத்து. பதினொன்றாவது தொட்டியைப் பூவம்மாள் காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தாள். இன்னும் இரண்டு நாள், இன்னும் ஒரு மழை என்று தனக்குத் தானே தவணை சொல்லிக்கொண்டாள்.

அந்தத் தவணை முடிவதற்குள் வினிதா தொட்டி மண்ணைக் கையால் விலக்கிவிட்டாள். உள்ளே கறுப்பாக, கொழகொழவென்று ஒரு வில்லை இருந்தது. அடிப்பக்கம் தட்டையாக அறுபட்டிருந்தது. தேங்காய்நார்த் தூள் ஈரம் பிடித்து அதைச் சுற்றி அப்பியிருந்தது. ஓணாங்குண்டில் அறுத்த தலையை வெந்த மணலில் வைப்பார்கள். மேலே வெயில், கீழே பாறையின் சூடு. இரண்டு நாளில் அறுவாய் காய்ந்து தோல் கட்டிவிடும். நிழல்வலைக்கு அடியில், நார்த்தூளில் அது எப்படிக் காயும்? வில்லையைப் பார்த்த மாத்திரத்தில் பூவம்மாளுக்கு அது புரிந்துவிட்டது. பாறைச் சூட்டை அவள் இத்தனை நாளில் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"எலி இப்படி நேர்க்கோடா கடிக்காதேக்கா" என்றாள் வினிதா.

"நான்தான் மேடம்."

வினிதா நிமிர்ந்து பார்த்தாள். கையைக்கூடக் கழுவாமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூவம்மாள் சாவியை அந்த அறையின் ஜன்னலில் வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே வந்து, பஸ் வரும் வரையில் அழுதாள். செத்துப்போன கிழங்கை நினைத்துத்தான் அழுதாள். வேலை நினைப்பு பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வந்தது.

வீட்டில் சுகுணாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுகுணா தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னாம்மா நீ! கேட்டா இல்லன்னு சொன்னாங்கன்னா வுட்டுட வேண்டியதுதான? போலீஸ் கீலீஸ்னு போனா என்னா பண்றது?"

"போகட்டும். உங்கப்பன் ஆசையாத் தின்னுச்சு. எனக்கு அது போதும்."

திம்மராயன் படுக்கையிலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடுத்தாங்கன்னு சொன்னியே பூவு" என்றான்.

"சொன்னன். இப்ப என்னா?"

பொழுது சாயும் நேரத்தில் லைன் வீட்டு வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. சுகுணா எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்கதான்" என்றாள். வினிதா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. திம்மராயன் எழுந்திருக்கப் பார்த்தான்.

"எந்திரிக்காதீங்கண்ணே." அவள் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு என்னுதும்மா. நான்தான் நச்சரிச்சன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

"சொல்ல வரலண்ணே." அவள் தன் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும். மறைக்க முடியாது. அவங்க என்ன சொல்லுவாங்கன்னு தெரியல. ஆனா அக்கா, நாளைக்கு வேலைக்கு வாங்க. உங்களை விட்டா அந்தப் பத்தையும் பாத்துக்க எனக்கு ஆள் இல்ல. சாவியை இனிமே நான் வச்சுக்கிடுதேன், அவ்வளவுதான்."

பூவம்மாள் தலையாட்டினாள். டீக்குப் பால் வைக்க அடுப்படிக்குப் போனாள். ஒரே அறைதான் வீடு, நான்கடி தள்ளி அடுப்பு.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றாள் வினிதா. "நாலு வருஷமா இதை வளக்கேன். இலை எத்தனை அங்குலம், பூ என்னைக்கு விரியும்னு எல்லாம் எழுதி வச்சிருக்கேன். ருசி எப்படின்னு எனக்குத் தெரியாது. ஒரு நாள் இதுவும் இல்லாமப் போச்சுன்னா யாருக்குமே தெரியாது. மதியம் முழுக்க அதை நெனச்சுத்தான் அழுதேன். எப்படி இருந்துச்சு? மலையில தின்ன மாதிரியே இருந்துச்சா? அப்படியே எழுதி வைக்கணும்."

திம்மராயன் அடுப்பைப் பார்த்தான். பூவம்மாளின் முதுகு தெரிந்தது.

"எழுதப் போறீங்களா?"

"ஆமா."

"பொய் எழுதிரக் கூடாதில்ல."

"கூடாதுண்ணே."

அவன் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு சொன்னான். "தண்ணிங்கம்மா. நூக்கல் மாதிரி. கெழங்கு அதுதான், தோல் அதுதான், வாசனைகூட துளி இருந்துச்சு. வாயில போட்டா ஒண்ணுமே இல்ல."

அடுப்பில் பால் பொங்கி வழிந்து சுர்ரென்றது. சுகுணாதான் ஓடிவந்து இறக்கினாள். கொடுத்த டீயை வினிதா பாதி குடித்துவிட்டு, போய்வருகிறேன் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு எழுந்தாள். அவளைத் தெருமுனை வரையில் கொண்டுபோய் விடச் சுகுணாவும் கூடப் போனாள்.

பூவம்மாள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு துணியை எறிந்துவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அதே ருசின்னு சொன்ன."

"சொன்னன்."

"கண்ணுல தண்ணி வந்துச்சே உனக்கு. அதைப் பாத்துத்தான் நான் இத்தனை நாளு..." அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "சரி, எனக்காகச் சொன்ன, வுடு. ருசியே இல்லன்னா எதுக்கு என் துண்டையும் புடுங்கித் தின்ன? எனக்கு மட்டும் ஆசை இல்லியா? எத்தனை வருசமா நான் வாயில எச்சில் ஊறிக்கினு கெடந்தன், உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா புடுங்குன?"

அவன் இருமினான். இருமல் அடங்கும் வரைக்கும் அவள் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தனை கோபத்திலும் கை தானாகப் போயிற்று.

"கொம்புக்கெழங்கு எப்பிடி இருக்கும், சொல்லு" என்றான்.

"என்னாத்துக்கு இப்ப?"

"சொல்லேன்."

"எப்பிடி இருக்கும்? மொதல்ல துளி கசக்கும். அப்புறம் பாலு வரும். பச்சைத் தேங்காயிக்கும் வெள்ளரிப்பிஞ்சுக்கும் நடுவுல. முழுங்குன அப்பறம்தான் இனிப்பு வரும், சுனைத் தண்ணி குடிச்சா இன்னும் இனிக்கும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இதெல்லாம் உனக்குத் தெரியாததா?"

"தெரியும், அந்தத் துண்டைத் திங்கற வரைக்கும். தின்னப்பறம் போச்சு பூவு. எத்தனை யோசிச்சாலும் அந்தத் தொட்டித் தண்ணிதான் நாக்குல வருது. பழசு வரவே மாட்டேங்குது." அவன் அவள் கையைத் தேடிப் பிடித்தான். "நீ துண்டை வாய்க்கிட்ட கொண்டுபோன. நீயும் தின்னா உனக்கும் போயிரும். அதான் புடுங்குனன்."

பூவம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு லைன் வீடுகளைத் தாண்டிப் போயிற்று.

"இன்னொரு தடவ சொல்லு" என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மொதல்ல துளி கசக்கும்" என்றாள் அவள்.

"உம்."

"அப்புறம் பாலு வரும்."